பிரஷ் போகாத பள்ளம்

குழந்தைக்கு ஆறு வயது ஆகும்போது, பால் பல் எதுவும் விழாமலே வாயின் கடைசியில் புதிதாகப் பற்கள் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. நிறைய வீடுகளில் இவற்றையும் பால் பல் என்றே நினைத்து, சொத்தை வந்தாலும் 'விழுந்து முளைக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். விழாது. ஆயுளுக்கும் இருக்க வேண்டிய கடைவாய்ப் பற்கள் அவை.

டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லின் மெல்லும் பக்கத்தில் கீறிவிட்டது போல வரிகள் தெரியும். உள்ளே போகப் போக அவை குறுகி, பல இடங்களில் பிரஷின் ஒற்றை நாரைவிட ஒடுங்கிவிடும். பிஸ்கட் துகள் போகும், பாக்டீரியா போகும், நார் போகாது. பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடும். அங்கே பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் வெளி உறையான எனாமல் கரையத் தொடங்கும். ஒழுங்காகத் தேய்க்கிற பிள்ளைக்கும் இது நடக்கும். அதைத் திட்டுவதில் நியாயமே இல்லை.

அந்தப் பள்ளத்தை முன்கூட்டியே பிசினால் அடைப்பதுதான் சீலன்ட். ஆனால் வழவழப்பான, ஈரமான பல்லில் பிசின் எப்படி ஒட்டும்? உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க ஃபாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். அதையே பல்லில் செய்து பார்த்து, 1955-இல் வெளியிட்டார் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புனோகோர். பல்லைக் கரைக்கும் அமிலமே பல்லைக் காக்க உதவுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம்.

டாக்டர் பல்லைச் சுத்தம் செய்து, அமில ஜெல்லை அரை நிமிடம் போல வைத்துக் கழுவி, காற்றடித்து உலர்த்துவார். அந்த இடம் மட்டும் பளபளப்பு இழந்து சுண்ணாம்பு தடவியது போல வெளுத்திருக்கும். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் விழுந்ததன் அடையாளம் அது. பிசின் அவற்றுக்குள் இறங்கும். நீல ஒளி காட்டினால் சில நொடிகளில் இறுகி, வேர் விட்டது போலப் பிடித்துக்கொள்ளும். ஊசியும் இல்லை, துளையிடுவதும் இல்லை. பிசின் படாமல் வெளுத்த இடத்தை எச்சிலில் உள்ள தாதுக்களே சரிசெய்துவிடும்.

எச்சில் பட்டால்தான் காரியம் கெடும். அதனால்தான் வாயில் அத்தனை பஞ்சு வைக்கிறார்கள். பல் பாதிதான் முளைத்திருந்தால், பிசினுக்குப் பதில் ஈரத்தைத் தாங்கும் கிளாஸ் அயனோமர் என்ற பொருளைப் போடுவார்கள்.

கடைவாய்ப் பல் சொத்தையில் 80 சதவீதத்தை சீலன்ட் இரண்டு ஆண்டுகள் வரை தடுக்கிறது என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். ஓரம் பெயரலாம், செக்கப் போகும்போதெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பல்லுக்கு நடுவில் வரும் சொத்தையை இது தடுக்காது, அதற்குப் பல்லிடுக்கில் விட்டுத் தேய்க்கும் நூலான ஃப்ளாஸ்தான். சரி, 12 வயது வாக்கில் இன்னும் பின்னால் அடுத்த கடைவாய்ப் பல் முளைக்கும். அதற்கும் இதே வேலைதான்.