தகவலறிந்த ஒப்புதலா, அறிந்து தரும் இசைவா?

சிகிச்சையோ ஆய்வோ என்னவென்று விளங்கிக்கொண்டு நோயாளி தரும் சம்மதத்தை ஆங்கிலத்தில் ‘இன்ஃபார்ம்டு கன்சென்ட்’ என்பார்கள். அதற்குத் ‘தகவலறிந்த ஒப்புதல்’ என்ற மொழிபெயர்ப்பு மருத்துவமனைப் படிவங்களில் மட்டுமன்றி, இப்போது செய்தித்தாள்களிலும் நிலைபெற்றுவிட்டது. பிழையான சொல் பழகிவிட்டதாலேயே சரியாகிவிடாது.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. 1947-இல், நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் வகுக்கப்பட்ட நூரம்பெர்க் நெறிகள், ஆய்வுக்கு உட்படுவோரின் தன்விருப்ப இசைவை முதல் நிபந்தனையாக வைத்தன. 1957-இல் கலிபோர்னிய நீதிமன்றம் ஒன்றின் தீர்ப்பில் ‘இன்ஃபார்ம்டு கன்சென்ட்’ என்ற தொடர் இடம்பெற்றது. இந்தியாவில், நடுவண் சுகாதார அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் இதற்கு நடைமுறை வடிவம் தருகின்றன. ஆய்வில் சேர்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கத்தாள் தரவேண்டும்; எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பற்ற சாட்சி ஒருவர் பேச்சு முழுவதிலும் உடனிருந்து கையொப்பமிட வேண்டும்; நலிந்த நிலையில் இருப்போரைப் இதுவரை மருந்தாக ஏற்கப்படாத புதிய மூலக்கூறு ஒன்றின் ஆய்வில் சேர்த்தால், இசைவு பெறுவதை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும். இவ்வளவு ஏற்பாடும் நோயாளிக்கு விளங்கவேண்டும் என்பதற்காகத்தான்.

அந்தத் தாளின் தலைப்பே விளங்கவில்லை என்பதுதான் என் குறை. தகவலை அறிந்தது யார்? பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறில் ஒன்றைக் கொண்டு முடியும் என்று நன்னூல் வகுக்கிறது. ‘தகவலறிந்த’ என்பது ‘ஒப்புதல்’ என்பதோடு இந்த ஆறில் எந்த உறவும் கொள்ளவில்லை. ‘தகவல் அறியும் உரிமை’ இல்லையா என்று கேட்பார்கள். அங்கே அறிதல்தான் உரிமை. இங்கே அறிதல் வேறு, ஒப்புதல் வேறு, அறிந்த ஆளையோ காணவே இல்லை. ‘அறிவிக்கப்பட்ட ஒப்புதல்’ இன்னும் மோசம்: அரசிதழில் வெளியான ஆணை போல ஒலிக்கிறது.

‘ஒப்புதல்’ என்ற சொல்லே இங்குப் பொருந்தாதது. திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தருகிறது. காவல்துறையில் குற்றவாளி தருவது ஒப்புதல் வாக்குமூலம். மேலிருப்பவர் வழங்குவதற்கும் குற்றத்தை ஏற்பதற்கும் பழகிய சொல்லைத் தன் உடலைப் பற்றி முடிவெடுப்பவர் மேல் ஏன் சுமத்த வேண்டும்? மேலும், ஆய்வுக் கோப்பு ஒன்றில், ஆய்வு அறநெறிப்படி நடக்குமா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு தருவதும் ஒப்புதல், நோயாளி தருவதும் ஒப்புதல் என்றால், இரண்டாவதை முதலாவதன் கிளையென்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். குழு தருவது ஒப்புதல், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தருவது அனுமதி, நோயாளி தருவது இசைவு என்று பிரித்துவிட்டால் குழப்பம் இல்லை.

‘இசைவு’ புதுச்சொல் அன்று. உடன்படிக்கை ஓலையைக் கல்வெட்டுகள் ‘இசைவுத்தீட்டு’ என்கின்றன. ‘சம்மதம்’ வடசொல்தான், ஆனாலும் எல்லோருக்கும் புரிவதால் பேச்சில் அதை நான் மறுக்கமாட்டேன். எழுத்துக்கு, ‘அறிந்து தரும் இசைவு’ என்பதே என் பரிந்துரை. அறிபவரும் தருபவரும் ஒருவரே என்பதை வினையெச்சமே சொல்லிவிடுகிறது. எதை அறிந்தாரோ அதற்கு மட்டுமே இசைகிறார் என்பதும் அதில் அடங்கும். கண்டறியும் சோதனைக்கு ஒரு பெண் தந்த இசைவைக் கருப்பையை அகற்றுவதற்கான இசைவாகக் கொள்ளமுடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னதும் இதைத்தான்.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்ப் படிவத்தை மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இத்துறை வழக்கம். ஆங்கிலத்தின் எலும்புக்கூட்டையே தமிழில் நிறுத்திவைத்தால் அந்தச் சோதனையில் தேர்ச்சி நிச்சயம். “பங்கேற்பாளர் தமது ஒப்புதலை எந்நேரத்திலும் திரும்பப் பெறும் உரிமையைக் கொண்டுள்ளார்” என்ற வாக்கியம் அப்படித்தான் தேறிவிடுகிறது. “வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் உங்கள் சிகிச்சை குறையாது” என்று எழுதுபவரிடம் மூலத்தில் உள்ள ‘உரிமை’ எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள்.