ஹேஷ் என்றால் குறியாக்கம் அல்ல

பதிவுகளைத் தொகுதி தொகுதியாகச் சங்கிலிபோல் கோத்துவைக்கும் பிளாக்செயின் நுட்பம் பற்றித் தமிழில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் "தகவல்கள் ஹேஷ் முறையில் குறியாக்கம் செய்யப்பட்டு, தொகுதிகளில் பாதுகாக்கப்படுகின்றன" என்ற மாதிரி ஒரு வாக்கியம் தப்பாமல் வந்துவிடுகிறது. தரவுப் பாதுகாப்புப் பாடம் எடுக்கிற எனக்கு, விடைத்தாள்களிலும் இதையே அடித்துத் திருத்துவது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தப்பு. ஹேஷ் என்பது ஒரு தகவலிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாள எண்; அது குறியாக்கம் இல்லை. தகவல் மறைக்கப்படுவதும் இல்லை. பிளாக்செயினில் இயங்கும் மின்பணமான பிட்காயினில் எந்த முகவரியிலிருந்து எதற்கு எவ்வளவு போனது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஹேஷ் என்ற சொல்லின் கதை சின்னது. கொத்துதல், நறுக்குதல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. அதற்கு மூலம் கோடரி. கொத்திய இறைச்சிக் கறிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் உண்டு. 1953இல் ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் தரவை வேகமாகத் தேடும் உத்தியாக இதை எழுதிவைத்தார். பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. பாதுகாப்புத் துறைக்குள் வந்தது அதற்கும் பிறகு.

இன்று எல்லாரும் சொல்கிற எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹேஷ் முறை என்ன செய்கிறது? ஒரு வரியைக் கொடுத்தாலும் ஒரு முழு நூலைக் கொடுத்தாலும் 256 பிட் அளவில் ஒரே ஓர் எண்ணைத் தரும். நூலில் ஒரு காற்புள்ளியை மாற்றினால் எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அந்த எண்ணிலிருந்து நூலுக்குத் திரும்ப வழியில்லை. ஒவ்வொரு தொகுதியும் முந்தைய தொகுதியின் ஹேஷைச் சுமக்கிறது. பிளாக்செயினில் சங்கிலி என்பது இவ்வளவுதான்.

சரி, குறியாக்கம் என்று சொன்னால் என்ன குடிமுழுகிவிடும்? அந்தச் சொல் ஏற்கெனவே இரண்டு சுமை தூக்குகிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையை 'யூனிகோட் குறியாக்கம்' என்கிறோம். அதில் ரகசியமே இல்லை, அட்டவணை தெரிந்த யாரும் திருப்பலாம். வாட்ஸ்அப் செய்திகளுக்கும் குறியாக்கம் என்கிறோம். அதைச் சாவி உள்ளவர் மட்டும் திருப்பலாம். மூன்றாவதாக ஹேஷையும் ஏற்றினால், யாராலும் திருப்ப முடியாததற்கும் அதே பெயர். மூன்றும் மூன்று திசை. மாணவர் "குறியாக்கத்தை எப்படி சார் அவிழ்ப்பது?" என்று கேட்டால் தப்பு அவர்மேல் இல்லை. ஆக்கம் என்றால் அவிழ்ப்பும் இருக்கும் என்று தமிழ் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இது வெறும் சொற்சண்டையும் இல்லை. 2013இல் அடோபி நிறுவனத்தின் கடவுச்சொற்கள் களவு போனபோது வல்லுநர்கள் தலையில் அடித்துக்கொண்டது எதற்காக? கடவுச்சொற்களை ஹேஷாக மாற்றி வைக்காமல், ஒரே சாவியால் பூட்டி வைத்திருந்தார்கள் என்பதற்காக. சாவி கிடைத்தால் எல்லாமே போச்சு. அந்தச் செய்தியை 'குறியாக்கம் செய்யாமல் குறியாக்கம் செய்திருந்தார்கள்' என்றா எழுதுவது?

இன்னொன்று. பிட்காயினுக்கு முன்பே, 1991இல், ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இரு ஆய்வாளர்கள் ஆவணங்களுக்குக் காலமுத்திரை இட ஹேஷ்களைக் கோத்துவைக்கும் முறையைச் சொன்னார்கள். 1995 முதல் அவர்களுடைய நிறுவனம் அப்படிக் கிடைத்த ஹேஷை நியூயார்க் டைம்ஸில் சிறு விளம்பரமாகப் போட்டுவந்தது. ஊரறியச் செய்தித்தாளில் போட்ட ஒன்றை மறைப்பு வேலை என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் ஹேஷைத் தமிழில் என்னவென்று சொல்வது? 'சுருக்கம்' என்பார் ஒரு கட்சி. ஜிப் கோப்பும் சுருக்கம்தான், அதை விரித்துவிடலாமே. 'கொத்து' மூலத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் வகுப்பில் சொன்னால் பரோட்டா ஞாபகம்தான் வரும். அப்படியே 'ஹேஷ்' என்று எழுதுவதில் எனக்குப் பகை இல்லை. என்ன, 'ஹேஷ்யம்' என்று நம்மிடம் ஒரு பழைய சொல் இருக்கிறது. ஊகத்துக்குரிய சொல்லின் சாயல், ஊகத்துக்கே இடம் தராத எண்ணுக்கு வந்து சேர்வது வேடிக்கைதான்.

நான் சொல்வது 'பிழிவு'. நூற்பிழிவு, கருத்துப்பிழிவு என்று பழகிய சொல். கரும்பைப் பிழிந்தபின் சாற்றைக் கொண்டு கரும்பைச் செய்ய முடியாது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வினையாகப் 'பிழி', எண்ணுக்குப் 'பிழிவெண்' என்று கிளைகளும் தானாக வருகின்றன. எவ்வளவு போட்டாலும் ஒரே அளவுதான் வரும் என்பதை இந்தச் சொல் காட்டாது, ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரு சொல்லே சொல்லிவிட்டால் எங்களுக்குச் சம்பளம் எதற்கு? கூடவே யூனிகோடுக்குக் குறியாக்கம், சாவி உள்ளதற்கு மறையாக்கம் என்று பிரித்துவைத்தால் குழப்பம் பாதி தீரும்.

மொழிபெயர்ப்பாளர்களைக் குறைசொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்துச் சொல்லைப் பார்த்து எழுதுகிறார்களே தவிர, அது என்ன செய்கிறது என்று கேட்பதில்லை. தமிழ்நாடு அரசு தன் பிளாக்செயின் கட்டமைப்புக்கு 'நம்பிக்கை இணையம்' என்று பெயர் வைத்திருக்கிறது. காதுக்கு இனிமை. ஆனால் யாரையும் நம்ப வேண்டாம், கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொள் என்பதற்காகவே பிறந்த நுட்பத்துக்கு அந்தப் பெயர்!

இரண்டு பேர் ஒரே கடவுச்சொல்லை வைத்தால் பிழிவெண்ணும் ஒன்றாகிவிடும். அதைத் தடுக்க, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எழுத்துகளைச் சேர்த்துப் பிழிவோம். அந்தச் சேர்மானத்துக்குத் துறையில் உப்பு என்றே பெயர். 'உப்பிட்ட குறியாக்கம்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு நெடுநேரம் விழித்தேன். 'உப்பிட்ட பிழிவு' என்றால் எலுமிச்சை பிழிகிற எவருக்கும் புரியும்.