லெந்து என்றால் தவமா?

2025இல் ஹாலிவுட் நடிகர் கிறிஸ் பிராட், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் தன்னோடு சேர்ந்து ஜெபிக்க வாருங்கள் என்று ரசிகர்களை அழைத்தார். அழைத்தது ஹாலோ என்ற செயலிக்கு. அது கத்தோலிக்கச் செயலி, பிராட் கத்தோலிக்கர் அல்லர். போதாதா? சீர்திருத்த சபையார், அதாவது புராட்டஸ்டண்டுகள் சிலர் முகம் சுளித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டமான சூப்பர் பௌலின் நடுவே இதே செயலிக்கு விளம்பரத்தில் வந்தவர் நடிகர் மார்க் வால்பெர்க். அவர் கத்தோலிக்கர் என்பதால் இந்த வம்பு இல்லை. நடிகர் எதை விற்றாலும் நமக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அந்த நாற்பது நாளுக்குப் பெயரான 'லெந்து' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு சபைகளும் வேறு வேறு பொருளை வைத்திருப்பது கவனிக்க வேண்டிய சங்கதி.

சொல்லைப் பிரித்தால் உள்ளே சாமியும் இல்லை, நோன்பும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'லெங்க்டன்' என்றால் வசந்தம். பகல் நீளும் பருவம் என்பதால் நீளத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். டச்சுக்காரர்களுக்கு இன்றும் 'லெந்தெ' வெறும் வசந்தம்தான். லத்தீனில் இதற்குப் பெயர் குவாத்ராஜெசிமா, அதாவது நாற்பதாவது. ஸ்பானியரின் குவாரெஸ்மா, பிரெஞ்சுக்காரரின் கரேம் எல்லாம் அதன் பிள்ளைகள். இயேசு பாலைநிலத்தில் நோன்பிருந்த நாற்பது நாள்தான் கணக்கு. நோன்பு தொடங்கும் புதன்கிழமையிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை எண்ணினால் 46 வரும். ஞாயிறு நோன்பு நாள் அல்ல என்பதால் ஆறைக் கழித்துவிட வேண்டும்.

தமிழில் கத்தோலிக்கர் சொல்வது தவக்காலம். பெரியவர்கள் வாயில் தபசுகாலம். தபஸ் என்ற வடசொல்லுக்குச் சுடுதல், காய்தல் என்று பொருள். ஆங்கிலச் சொல்லில் வசந்தம், தமிழ்ச் சொல்லில் சூடு. மாசி பங்குனியில் வருகிற நோன்புக்கு நம் ஊரில் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது!

கூட வருகிற சொற்களும் இந்த மண்ணுடையவை. தொடக்க நாள் திருநீற்றுப் புதன். முந்தைய ஆண்டுக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் பூசுவார்கள். நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள், பிறர் பார்க்க வேண்டாம் என்ற நற்செய்திப் பகுதியை வாசிப்பதும் அதே நாளில்தான்! 2023இல் வால்பெர்க் அந்தச் சாம்பலோடுதான் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு முழுச்சாப்பாடு, சுத்தபோசனம் என்றால் இறைச்சி இல்லாத சாப்பாடு. மீனுக்குத் தடையில்லை. சபைச் சட்டப்படி சுத்தபோசனம் 14 வயதிலிருந்து, ஒருசந்தி 18 முதல் 59 வரை. ஒருசந்தி கட்டாயமான நாட்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. பெருமாளுக்குப் புரட்டாசிச் சனியில் ஒருசந்தி இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம்.

சரி, சீர்திருத்த சபைகளில் ஒன்றான சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் மட்டும் ஏன் 'லெந்து நாட்கள்' என்று ஒலிபெயர்ப்பிலேயே நிற்கிறார்கள்? ஆங்கில மிஷனரிகளின் வழக்கம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. தமிழில் தவம் என்றதும் பின்னாலேயே வரம் வந்துவிடும். அர்ச்சுனன் தவம் செய்தான், பாசுபதம் பெற்றான். இருந்து பெறுவது தவம். சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூத்தர் சண்டை போட்டது இந்த இடத்தில்தான். லத்தீன் வேதாகமத்தில் இயேசு சொல்வதாக இருந்த சொற்றொடரைத் 'தவம் செய்யுங்கள்' என்றும் படிக்கலாம், 'மனந்திரும்புங்கள்' என்றும் படிக்கலாம். 1517இல் அவர் வெளியிட்ட 95 கூற்றுகளில் முதலாவது இதைப் பற்றியது: மனந்திரும்புதல் ஒரு சடங்கோடு முடிவதில்லை, வாழ்நாள் முழுவதும் நடப்பது. மீட்பு இலவசம் என்று நம்புகிறவருக்குத் தவம் என்ற சொல் கொஞ்சம் இடிக்கத்தானே செய்யும்?

1522இல் சூரிச் நகரத்தில் இது தட்டுக்கே வந்துவிட்டது. அச்சகக்காரர் ஃபிரோஷாவர் வீட்டில் லெந்து நாளில் சாசேஜ் என்ற இறைச்சிப் பண்டத்தை வெட்டிப் பரிமாறினார்கள். சீர்திருத்தவாதி சுவிங்கிலி உடன் இருந்தார், சாப்பிடவில்லை. ஆனால் சில நாளில், எதை உண்பது என்பது கிறிஸ்தவனின் விருப்பம் என்று பிரசங்கம் செய்தார். இங்கிலாந்து சபை வழிவந்த ஆங்கிலிக்கரும் லூத்தர் வழிவந்த லூத்தரன்களும் லெந்தை விடவில்லை. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அவர்களுக்கு உபவாச ஜெபம் எந்த மாதமும் உண்டு. நம் ஊர் சி.எஸ்.ஐ. வீடுகளிலோ லெந்தில் கறி எடுக்காதவர்கள் நிறைய, கல்யாணமும் வைக்க மாட்டார்கள். பெரிய வெள்ளியன்று, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் மீதான தியானம் மூன்று மணி நேரம் நடக்கும். பெயர்தான் லெந்து, இருப்பது தவம்.

ஆகவே பொதுவாக எழுதும்போது 'தவக்காலம்' என்றே எழுதலாம். சி.எஸ்.ஐ. ஆராதனையைப் பற்றி எழுதினால் 'லெந்து' என்று அவர்கள் சொல்வதையே வைத்துக்கொள்ளுங்கள். 'லெண்ட்' மட்டும் வேண்டாம், அது இரண்டு சபையிலும் கிடையாது.