சிறு பழுது யார் காதுக்குப் போகிறது? அணுமின் நிலையக் கண்காணிப்பு இயங்கும் விதம்

களியக்காவிளையிலிருந்து கூடங்குளம் நேர்க்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். கேரள எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியில் அணுமின் நிலையத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பெருவிபத்து நடக்குமா நடக்காதா என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உள்ளே ஒரு வால்வு சரியாக மூடாமற்போனால், நிலையத்தை நடத்துபவர்களைத் தவிர வேறு யாருக்கு அது தெரியவரும், உலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறதா?

இந்தியாவில் இந்தப் பொறுப்பு 1983 நவம்பரில் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துடையது. இடத்தேர்வு, கட்டுமானம், இயக்கத் தொடக்கம், மின்னுற்பத்தி, இறுதியில் உலையை மூடுவது என ஒவ்வொரு கட்டத்துக்கும் வாரியத்தின் தனித்தனி ஒப்புதல் வேண்டும். இயங்கும் நிலையம் தன்னிடம் நேரும் குறிப்பிடத்தக்க பழுதுகளை வாரியத்துக்கு அறிக்கையாக அனுப்பியாக வேண்டும். வாரியத்தின் ஆய்வாளர்கள் நேரில் சென்றும் பார்க்கிறார்கள். கூடங்குளம் முதல் உலை தொடங்குவதற்கு முன், 2013இல் நடந்த சோதனைகளில் நான்கு வால்வுகள் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. அவற்றின் பாகங்களை மாற்றி, மீண்டும் சோதித்து, வாரியம் முடிவுகளைப் பரிசீலித்த பிறகே, அவ்வாண்டு ஜூலையில் உலையில் தொடர்வினை தொடங்கியது.

வால்வு போன்ற சிறிய பாகத்துக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா என்று கேட்பவர்கள், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். அங்கு உலைக்கலத்தின் மேல்மூடியில் கட்டுப்பாட்டுத் தண்டுகள் நுழையும் குழாய் ஒன்றில் மெல்லிய விரிசல் விழுந்தது. அதன் வழியே போரிக் அமிலம் கலந்த குளிர்விப்பு நீர் கசிந்து, சுமார் 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள எஃகைப் பல ஆண்டுகளாக அரித்தது. 2002 மார்ச்சில் அந்தக் குழி கண்டுபிடிக்கப்பட்டபோது, உள்ளே இருந்த பேரழுத்தத்தைத் தாங்கி நின்றது ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள துருப்பிடிக்காத எஃகுப் பூச்சு மட்டுமே. அறிகுறிகள் இல்லாமல் இல்லை: கட்டடத்தினுள் காற்றைச் சோதிக்கும் கருவிகளின் வடிகட்டிகள் துருத்துகள் படிந்து அடிக்கடி அடைத்துக்கொண்டன; அவற்றை மாற்றி மாற்றி வேலையை ஓட்டினார்கள், துரு எங்கிருந்து வருகிறது என்று கண்டறியவில்லை. 2001 இறுதிக்குள் மூடியைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டிருந்த அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையமோ, பிப்ரவரி வரை உலையை ஓட்ட இசைந்தது. நிறுவனத்துக்கு நேரும் பண இழப்பைக் குறைக்கும் எண்ணம் அந்த முடிவில் பெரும்பங்கு வகித்தது என்று ஆணையத்தின் உள் தணிக்கையே பின்னர் எழுதியது.

கண்காணிப்பு வலுவிழக்கும் இடம் இதுதான். விதிகள் புத்தகத்தில் சரியாகவே இருக்கும். நிறுத்து என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லும் துணிவுக்குச் சட்டப் பாதுகாப்பு இராது. ஜப்பானில் அணுமின்சக்தியை வளர்க்கும் அமைச்சகத்தின் கீழேயே பாதுகாப்பு முகமையும் இருந்தது. 2011 புகுஷிமா விபத்துக்குப் பிறகு, 2012இல் அதைக் கலைத்துத் தனி ஆணையம் அமைத்தார்கள். அதே 2012இல் நம் நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் அளித்த அறிக்கை, நம் வாரியத்துக்குச் சுயமாக விதிகள் வகுக்கும் அதிகாரம் இல்லை என்றும், மீறலுக்கான உச்ச அபராதம் 500 ரூபாய்தான் என்றும் சுட்டிக்காட்டியது. நிலையங்களை நடத்தும் கழகம் அணுசக்தித் துறைக்கு உட்பட்டது. வாரியம் அப்போது பதில் சொல்ல வேண்டியிருந்த அணுசக்தி ஆணையத்தின் தலைவரோ அதே துறையின் செயலர். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டம் வாரியத்துக்குச் சட்டபூர்வ நிலையை அளித்திருக்கிறது. நெடுங்காலம் தாமதித்து வந்த அந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன்.

வேலிக்கு வெளியே நடக்கும் அளவீடும் இந்தக் கண்காணிப்பின் ஒரு பகுதியே. நம் கடற்கரையில் அது எளிய வேலையன்று. மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறாவிலும் கடல் மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதிலுள்ள தோரியத்தால் அணுமின் நிலையம் வருவதற்கு முன்பிருந்தே அங்கு இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. ஆகவே கையடக்கக் கருவியொன்று அங்கே கூடுதல் எண்ணைக் காட்டினால், அதை வைத்து நிலையத்தைக் குற்றஞ்சாட்டவும் முடியாது, நிலையத்தில் குறையே இல்லை என்று சொல்லவும் முடியாது. எந்த அணு கதிரை வெளியிடுகிறது என்று பிரித்தறிய வேண்டும். தோரியத்தின் வழித்தோன்றலான தாலியம்-208 வெளியிடும் காமா கதிரின் ஆற்றல் 2,614 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அணுப்பிளவில் பிறக்கும் சீசியம்-137 சார்ந்த கதிருக்கு 662. நிறமாலைக் கருவி இவ்விரண்டையும் தனித்தனிச் சிகரங்களாகக் காட்டிவிடும். பழைய அணுகுண்டுச் சோதனைகளின் மிச்சமாகச் சிறிதளவு சீசியம் உலகெங்கும் மண்ணில் கிடப்பதால், உலை தொடங்குவதற்கு முன் எடுத்த அடிப்படை அளவுகளோடும் ஒப்பிட வேண்டும். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிட்டியம் காமா கதிர் எதையும் வெளியிடுவதில்லை என்பதால், அதற்காக நீர் மாதிரிகளைத் தனியே சோதிக்கிறார்கள்.

நிலையத்தைச் சுற்றி 30 கிலோமீட்டர் வரை மீன், பால், காய்கறி, நீர் ஆகியவற்றில் இத்தகைய அளவீடுகளை எடுப்பது பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகம். அதன் அறிவியல் திறனில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மையமும் அணுசக்தித் துறையின் அங்கமே. இந்தக் கடற்கரை மீன் கேரளச் சந்தைகளுக்கும் போகிறது. அதே மாதிரிகளில் ஒரு பங்கைத் துறைக்கு வெளியேயுள்ள பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று சோதித்து, முடிவுகளைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆண்டுதோறும் வெளியிட வாரியம் ஏற்பாடு செய்ய வேண்டும்.