நாலு போட்டோவும் ஒரு கடியும்

ஒரு சாந்திக் கல்யாணத்துக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, மறுநாள் காலை. காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆச்சி, கால்நடை டாக்டரான எனக்குப் போன் செய்தார்கள். "தம்பி, எங்க நாய் மணி பேரனைக் கடிச்சிருச்சு. எட்டு வருஷமா இந்த வீட்ல இருக்கு, ஒருத்தரைத் தொட்டதில்லை. திடீர்னு கடிச்சிருச்சு."

கன்னத்தில் பல் பட்ட இடத்தில் யாரோ காபித்தூள் அப்பியிருந்தார்கள். அதை வழித்துவிட்டு, குழாயைத் திறந்து வைத்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொன்னேன். கையோடு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே என்ற சமாதானம் இந்த ஒரு விஷயத்தில் கூடாது.

சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். பையனின் அம்மா தன் போனை நீட்டினார். கடிப்பதற்குச் சற்று முன்பு அவரே எடுத்த நாலு போட்டோ. முதல் படத்தில் முகப்புத் தூணோரம் மணி படுத்திருக்கிறது, பையன் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். மணியின் முகம் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. இரண்டாவதில் நாக்கு நுனி வெளியே வந்து மூக்கைத் தொடுகிறது, பக்கத்தில் தின்பதற்கு ஒன்றுமே இல்லை. மூன்றாவதில் காது பின்னால் ஒட்டிப் படிந்திருக்கிறது, கண்ணோரத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரிகிறது. நாலாவதில் வாய் இறுக மூடியிருக்கிறது, உடம்பு கட்டைபோல் விறைத்திருக்கிறது. பையன் முத்தம் கொடுக்கிறான். அந்த அம்மா எல்லோருக்கும் அனுப்பியிருந்ததும் இந்த நாலாவது படத்தைத்தான். "எவ்வளவு பாசமா இருந்தாங்க பாருங்க" என்றார்.

மணி நாலு தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, அவ்வளவுதான். அதற்கு முந்தைய இரண்டு நாளும் மேளம், பந்தல், வளவு என்கிற நடுமுற்றம் முழுக்கப் புதுக் கால்கள். மணி வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் கட்டிக் கிடந்தது. அவிழ்த்துவிட்டதும் அதற்குத் தேவைப்பட்டது ஒரு மூலையும் கொஞ்சம் தூக்கமும்தான்.

கட்டிப்பிடிப்பது மனிதர்களுடைய பழக்கம். ஒரு நாய் இன்னொரு நாயின் கழுத்தில் முன்னங்காலைப் போட்டால் அது விளையாட்டாக இருக்கும், இல்லாவிட்டால் சண்டையின் ஆரம்பமாக இருக்கும். பல வீட்டு நாய்கள் நமக்காகப் பொறுத்துக்கொள்ளப் பழகியிருக்கின்றன. பொறுத்துக்கொள்வதைத்தான் பிடித்திருக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இன்னொன்று, நாய் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் கடைசி மணியோசை. அடித்து அதை நிறுத்தினால், ஓசையே இல்லாமல் கடிக்கிற நாய்தான் மிஞ்சும்.

வாலாட்டினால் சந்தோஷம் என்பதும் பாதி உண்மை. வால் ஆடுவதற்குக் கிளர்ச்சி என்று மட்டும்தான் பொருள், அது எந்த வகைக் கிளர்ச்சி என்பது உடம்பின் மற்ற இடங்களில் தெரியும். 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். வளர்த்தவரைப் பார்க்கும்போது நாயின் வால் அதன் வலப்பக்கம் கூடுதலாகச் சாய்கிறது, மிரட்டுகிற அந்நிய நாயைப் பார்த்தால் இடப்பக்கம். வெறுங்கண்ணால் இதைப் பிடிப்பது கஷ்டம். எனக்கு இடுப்பைப் பார்ப்பதே போதும். இடுப்போடு சேர்த்து உடம்பே குழைந்து ஆடினால் பயமில்லை. உடம்பு நிமிர்ந்து நின்று வால் மட்டும் விறைப்பாக ஆடினால் நான் கிட்டப் போக மாட்டேன்.

சரி, எப்படித்தான் தொடுவது? நம் ஊரில் விருந்தாளி நேராக அடுப்படிக்குள் நுழைவதில்லை. வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக "வாங்க" என்ற பிறகுதான் உட்காருவோம். நாயிடமும் அப்படித்தான். பக்கவாட்டில் உட்காருங்கள், கையைச் சும்மா வையுங்கள், அதுவாக வரட்டும். வந்தால் நெஞ்சிலும் தாடைக்குக் கீழேயும் மூன்று விநாடி தடவிவிட்டு நிறுத்துங்கள். திரும்ப மூக்கால் இடித்தால் "வாங்க" என்று அர்த்தம். நகர்ந்துபோனால் பதில் கிடைத்துவிட்டது. உச்சந்தலைக்கு மேலிருந்து கை இறங்குவது பெரும்பாலான நாய்களுக்குப் பிடிக்காது.

பூனைக்குப் பாசமே கிடையாது, அது வீட்டைத்தான் நம்பும் என்று இங்கே எல்லா ஆச்சிமாரும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாலைக் கொடிமரம்போல் தூக்கிக்கொண்டு எதிரே வருவதும், கணுக்காலில் கன்னத்தைத் தேய்ப்பதும் பாசம்தான். கன்னத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனையை உங்கள்மேல் பூசி, "இது என் ஆள்" என்று குறிவைக்கிறது. அது பார்க்கும்போது நீங்கள் கண்ணை மெல்ல மூடித் திறந்து பாருங்கள், பல பூனைகள் அதேபோல் திருப்பிச் செய்யும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020-இல் இதைச் சோதித்தே காட்டிவிட்டார்கள். ஆனால் கர்ர் என்ற சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். வலியிலும் பூனை அப்படிச் செய்யும், என் மேசையில் கால் முறிந்து கிடக்கும்போதுகூட. அப்புறம், சித்திரை வெயிலில் உங்கள் காலடியில் வயிற்றைப் பரப்பிப் படுக்கிறதே, அந்தப் பெருமை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளுமைக்குச் சேர வேண்டியது.

எனக்கு ஊரில் இன்னும் மாட்டு டாக்டர் என்றுதான் பெயர், அதனால் மாட்டை விட முடியாது. பசுக்கள் ஒன்றையொன்று கழுத்தில் நக்கிக்கொள்ளும். கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியில் சொறிந்து கொடுத்தால் கழுத்தை நீட்டி, காதைத் தொங்கவிட்டு, கண் சொருகி நிற்கும். பால் கறக்கிற பெண்கள் இதை யாரிடமும் படிக்கவில்லை.

நம் பக்கத்தில் பாசம் என்றால் சோறு. அங்கேதான் எனக்கு நோயாளிகள் கிடைக்கிறார்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கிய கோழிக் குழம்பில் பிசைந்த சோறு நாய்க்கு ஆகாது. வெங்காயம் அதன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சை வேண்டவே வேண்டாம். சிங்கப்பூர்ப் பெட்டியில் வருகிற சாக்லேட்டும் ஆபத்து. ஒரு லாப்ரடாருக்கு நித்தம் நாலு இனிப்புக் கந்தரப்பம் வைத்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். அது மாடிப்படி ஏறுவதை எப்போதோ விட்டுவிட்டது.

மணியின் கதைக்கு வருகிறேன். அதைக் குட்டியிலிருந்து வளர்த்தவர் ஆச்சியின் இளைய மகன், இப்போது சிங்கப்பூரில் வேலை. ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுவார். ஆச்சி போனை மணியின் முன்னால் பிடிப்பார்கள். குரல் கேட்டதும் மணி காதை நிமிர்த்தும், வாசலைப் பார்க்கும், போனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். "மறந்துட்டான் போல" என்று அவருக்கு வருத்தம். மறக்கவில்லை, குரல் இருக்கிறது, வாசனையைக் காணோம். வாசனை இல்லாமல் மணிக்கு ஆளே இல்லை. அடுத்த முறை ஊருக்கு வந்து கிளம்பும்போது, போட்ட சட்டை ஒன்றைத் துவைக்காமல் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

பொங்கலுக்குப் பிறகு ஆச்சி போன் செய்தார்கள். "தம்பி, அந்தச் சட்டையைச் சுருட்டிவச்சுத்தான் மணி படுக்குது. நாத்தம் தாங்கல. துவைக்க எடுக்கப் போனா உறுமுது."

எடுக்க வேண்டாம் ஆச்சி என்றேன்.