கண்ணுக்குக் கீழே ஒரு காகித எலும்பு

குத்துச்சண்டை வகுப்புக்குப் போகும் பதினான்கு வயதுப் பையனின் அம்மா ஒருவர் எழுதியிருந்தார். 2020 நவம்பர் 28 அன்று லண்டனில் டேனியல் டுபுவாவும் ஜோ ஜாய்ஸும் மோதிய ஹெவிவெயிட் சண்டையின் காணொளியை அப்பாவும் மகனும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். அதுவரை தோல்வியே காணாத டுபுவா, பத்தாவது ரவுண்டில் இடது கண்ணில் ஒரு ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) வாங்கியதும் தானாகவே முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிடுகிறார். மயங்கவில்லை, சரிந்து விழவில்லை. நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை அப்படியே இருக்கிறார். “கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே தோத்துட்டான்மா, சரியான பயந்தாங்கொள்ளி” என்கிறானாம் பையன். “அவன் சொல்வது சரியா சார்?” என்று கேட்கிறார் அம்மா.

சரியில்லை அம்மா. ஆனால் உங்கள் மகனை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றிரவே முன்னாள் வீரர்கள் சிலரும் இதையேதான் சொன்னார்கள். மருத்துவமனையில் பார்த்தபோது டுபுவாவின் இடது கண்குழி எலும்பு உடைந்திருந்தது, விழித்திரையில் ரத்தக் கசிவும் இருந்தது. பலர் இந்த இடத்தில் “அடேயப்பா, எவ்வளவு வலித்திருக்கும்!” என்று நிறுத்திக்கொள்கிறார்கள். வலி இங்கே இரண்டாம்பட்சம். அந்த எலும்பு உடைந்தால் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அவர் ஏன் எழவில்லை என்பது தானாக விளங்கும்.

உடற்கூறியல் ஆய்வகம் ஒன்றில் முதன்முதலாக ஒரு மண்டையோட்டைக் கையில் வாங்கிச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்த நாள் எனக்கு மறக்காது. நெற்றிப் பக்கம் ஓடு கனமாக இருந்தது, ஒளி புகவில்லை. கண்குழிக்குள் மட்டும், தரைப்பக்கமும் மூக்கை ஒட்டிய பக்கமும், வெயில் பட்ட எண்ணெய்க் காகிதம்போல மங்கலாக ஒளிர்ந்தன. ஏழு எலும்புகள் சேர்ந்து கட்டிய இந்தக் குழியின் வாசல் விளிம்பு உறுதியானது. கண்ணுக்குக் கீழே விரலால் தடவினால் தட்டுப்படுகிறதே, அந்த எலும்புதான். விரல் எட்டாத உட்புறத்தில் தரை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்துவிடுகிறது. மூக்குப்பக்கச் சுவர் அதைவிட மெல்லியது. லத்தீனில் அதற்கு வைத்த பெயருக்கே ‘காகிதத் தகடு’ என்றுதான் அர்த்தம்.

ஒரு வேடிக்கை. அதிக மெல்லியது மூக்குப்பக்கச் சுவர் என்றாலும், அடிபட்டால் அதிகம் உடைவது தரைதான். மூக்குப்பக்கச் சுவருக்குப் பின்னால் தேன்கூடுபோலச் சிறுசிறு எலும்பு அறைகள் நெருக்கமாக நின்று முட்டுக்கொடுக்கின்றன. தரைக்குக் கீழே எந்த முட்டும் கிடையாது. கன்னத்துச் சைனஸ் என்ற காற்றறைதான் இருக்கிறது. முதல் மாடித் தளத்தைத் தூணே இல்லாத கூடத்தின் மேல் போட்டதுபோல.

அடி விழும்போது என்ன ஆகிறது? கண்குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர். விழிக்கோளம் அதில் 7 மில்லிலிட்டர்தான். மீதி இடமெல்லாம் கொழுப்பு, தசை, நரம்பு, ரத்தக் குழாய். இவை எதையும் அழுத்திச் சுருக்க முடியாது. பள்ளியில் படித்த பாஸ்கல் விதி இங்கே அப்படியே வேலை செய்கிறது: முன்னாலிருந்து விழியை உள்ளே தள்ளினால் அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவி, எது பலவீனமோ அதை உடைத்துக்கொண்டு வெளியேறும். பைரன் ஸ்மித், வில்லியம் ரீகன் என்ற இரு மருத்துவர்கள் 1957இல் இதைச் சோதித்தே காட்டினார்கள். இறந்தவர் ஒருவரின் மூடிய கண்மேல் ஹர்லிங் என்ற ஐரிஷ் ஆட்டத்தின் பந்தை வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். விளிம்பு அப்படியே இருந்தது, தரை நொறுங்கியது. இன்னொரு விளக்கமும் உண்டு. விளிம்பில் படும் அடியே எலும்பு வழியாகப் பின்னோக்கி ஓடி, மெல்லிய தரையை நெளித்து உடைக்கும் என்பது அது. பின்னாளில் நடந்த சோதனைகளில் இரண்டுமே நடக்கக்கூடியவை என்று தெரிந்தது. குத்துச்சண்டைக் கையுறை விழியைவிட மிகப் பெரியது, ஆகவே வீரர்கள் விஷயத்தில் பல நேரம் இரண்டும் கலந்தே நடக்கும் என்பது என் எண்ணம்.

இதில் நான் சொக்கிப்போவது ஒரு விஷயத்தில்தான். தரை உடைவதால் விழி பிழைக்கிறது. அழுத்தம் கீழே உள்ள காற்றறைக்குள் வடிந்துவிடுவதால் விழிக்கோளம் வெடிக்காமல் தப்புகிறது. ஃபியூஸ் போய் ஃப்ரிட்ஜைக் காப்பாற்றுவது மாதிரி. உடைந்த எலும்புக்குப் பதில் டைட்டானியம் வலை வைத்துத் தைத்துவிடலாம், வெடித்த விழிக்கு மாற்று கிடையாது.

ஆனால் ஃபியூஸ் ஒருமுறைதான் காப்பாற்றும். போனபிறகு அடுத்த மின்னலுக்கு என்ன செய்வது?

முதலில், விழிக்குக் கீழிருந்த கொழுப்பு அந்த ஓட்டை வழியாகச் சைனஸுக்குள் இறங்குகிறது. சிடி ஸ்கேனில் அது கூரையிலிருந்து தொங்கும் சொட்டுபோலத் தெரியும். மருத்துவர்கள் அதைக் கண்ணீர்த்துளி அடையாளம் என்றே சொல்கிறார்கள். சில நேரம் கொழுப்போடு ஒரு தசையும் போய் ஓட்டையில் மாட்டிக்கொள்ளும். விழியைக் கீழே திருப்பும் தசை அது. கீழே பார்ப்பதற்கு அது சுருங்க வேண்டும், மேலே பார்ப்பதற்கு அது நீள வேண்டும். மாட்டிக்கொண்ட தசை நீளாது. முளையில் கட்டிய கன்று கயிறு எட்டும் தூரத்துக்குமேல் போக முடியாததுபோல, அந்த விழி ஓர் உயரத்துக்குமேல் ஏறாது. நல்ல விழி மேலே போகும், இது பாதியில் நின்றுவிடும். இரு விழிகளும் ஒரே இடத்தைப் பார்த்தால்தான் மூளை இரண்டு படங்களையும் ஒன்றாகக் கோக்கும். திசை பிசகினால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும், ஒன்றின்மேல் ஒன்றாக.

இப்போது எழுந்து நின்று ஒன்று செய்து பாருங்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டுங்கள், இரண்டு கைகளையும் கன்னத்துக்கு உயர்த்துங்கள், எதிர்ச்சுவரில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். உங்கள் விழிகள் எங்கே இருக்கின்றன? புருவத்துக்கு அடியிலிருந்து மேல்நோக்கி. வகுப்பில் முதல் நாளே கோச் சொல்லித்தருவது இந்த நிலையைத்தான். ஒரு வீரர் சண்டை முழுவதும் மேல்நோக்கித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்குழித் தரை உடைந்து தசை மாட்டினால், முதலில் கெடுவதும் அந்தப் பார்வைதான்! குனிந்து தன் ஷூவைப் பார்த்தால் ஒன்றாகத் தெரியக்கூடும். எதிராளியை நிமிர்ந்து பார்த்தால் இரண்டு தலை, நான்கு கையுறை. அதில் எது நிஜம் என்று முடிவெடுக்க அவருக்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது. அடிபட்ட கண்ணை மூடிக்கொண்டால் இரட்டை போய்விடும், கூடவே தூரத்தைக் கணிக்கும் திறனும் அந்தப் பக்கத்துப் பார்வையும் போய்விடும். எதிராளி குத்துவதும் அந்தப் பக்கம்தான்.

கேலரியில் இருப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. கார்னரில், அதாவது ரவுண்டுகளுக்கு நடுவே வீரர் உட்காரும் மூலையில், அவரைக் கவனிக்கும் உதவியாளருக்கும் தெரியாது. அவர் கையில் இருப்பது ஐஸில் வைத்த சின்ன உலோகக் கட்டியும் வாசலினும். வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கலாம், எலும்பைப் பார்க்க முடியாது. அனுபவசாலிகள் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வார்கள்: கண் வீங்கினால் மூக்கைச் சிந்தாதே. காரணம் அதே ஓட்டை. மூக்கைச் சிந்தினால் சைனஸ் காற்று ஓட்டை வழியாகக் கண்குழிக்குள் ஏறி, இமை கண்ணெதிரே பலூன்போல உப்பி மூடிக்கொள்ளும். அடுத்த குத்துகளில் விழிக்குப் பின்னால் ரத்தம் தேங்கினால் இன்னும் மோசம். அழுத்தம் பார்வை நரம்பை நெரிக்கும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் அதைத் தணிக்காவிட்டால் போன பார்வை திரும்பாமலே போகலாம்.

இதே காயத்தை ஒன்பது மாத இடைவெளியில் இரண்டு கண்களிலும் வாங்கியவர் இங்கிலாந்து வீரர் கெல் புரூக். 2016 செப்டம்பரில் கஜகஸ்தான் வீரர் கொலோவ்கினோடு மோதியபோது வலது கண்குழி உடைந்தது, ஐந்தாவது ரவுண்டில் பயிற்சியாளர் சண்டையை நிறுத்தச் சொல்லி டவலை வீசினார். 2017 மே மாதம், சொந்த ஊரான ஷெஃபீல்டில், எரால் ஸ்பென்ஸுடன் நடந்த சண்டையில் இடது கண்குழி உடைந்தது. பதினோராவது ரவுண்டில் புரூக் தாமே முழங்கால் ஊன்றினார். முதல் தடவை “விட்டுவிட்டான்” என்ற பேச்சு அவர்மேல் விழவில்லை, இரண்டாம் தடவை விழுந்தது. உடைந்தது ஒரே மாதிரி எலும்பு. நிறுத்தியவர் யார் என்பதில்தான் வேறுபாடு. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. கண்ணுக்குள் நடப்பதை அறிந்த ஒரே ஆள் அதைச் சொல்லும்போது கேவலம், ஊகத்தில் இன்னொருவர் சொன்னால் கௌரவமா?

மூளைக் காயம் இந்த அளவுக்குக்கூடச் சைகை காட்டாது. 2019 ஜூலையில் அமெரிக்காவின் மேரிலாந்தில் மாக்சிம் டாடஷேவ் என்ற 28 வயது ரஷ்ய வீரர், பதினோராவது ரவுண்டு முடிந்து கார்னரில் உட்கார்ந்திருந்தார். நிறுத்திக்கொள்ளலாம் என்று பயிற்சியாளர் பட்டி மெக்கர்ட் கெஞ்சினார், டாடஷேவ் தலையை ஆட்டி மறுத்தார். மெக்கர்ட் கேட்காமல் சண்டையை நிறுத்தினார். அப்படியும் மூளையில் ரத்தம் கசிந்து நான்கு நாளில் டாடஷேவ் இறந்துபோனார். மூளையை மேலுறையோடு இணைக்கும் சிறு சிரைகள் கிழிந்து ரத்தம் மெல்ல மெல்லத் தேங்கும்போது, அடிபட்டவர் பேசுவார், நடப்பார், “இன்னும் முடியும்” என்பார். முடிவெடுக்க வேண்டிய மூளைதான் அங்கே அடிபட்டிருக்கிறது. கண்ணில் அடிபட்டவருக்கு அந்த மூளையாவது தெளிவாக இருக்கிறது. தெளிவான மூளை நிறுத்து என்றால் நிறுத்துவதே ஒழுங்கு.

சண்டையை விட்டவர் எல்லாரையும் நான் இப்படித் தாங்கிப் பேசுவேன் என்றில்லை. 1980 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில், எட்டாவது ரவுண்டில் பனாமா வீரர் ராபர்டோ டுரான் முதுகைத் திருப்பிக்கொண்டு ஆட்டத்தை முடித்தார். வயிற்றுப் பிடிப்பு என்று பிறகு சொன்னார். அவரைத் திட்டியவர்களோடு நான் வாதத்துக்குப் போக மாட்டேன், அங்கே காட்டுவதற்கு என்னிடம் உடைந்த எலும்பு இல்லை. அன்று அவரை வென்ற சுகர் ரே லெனர்டுக்கு விழித்திரை விலகி 1982இல் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவந்தது, அதே ஆண்டு ஓய்வும் அறிவித்தார் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துவேன்.

கண்ணில் அடி என்றதும் நம் வீடுகளில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். தாய்ப்பால் விடுவார்கள். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடேற்றிக் கண்மேல் அழுத்துவார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் தரை உடைந்த கண்ணை அழுத்தக்கூடவே கூடாது. பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். அவர்கள் எலும்புக்கு மீளும் தன்மை அதிகம். உடைந்து திறந்த தரை பொறிக்கதவுபோல மறுபடி மூடித் தசையைக் கவ்விக்கொள்ளும். வெளியே வீக்கமோ சிவப்போ பெரிதாகத் தெரியாது. தசை இழுபடுவதை ஐந்தாம் மூளை நரம்பு மேலே சொல்ல, மூளை வேகஸ் நரம்பு வழியாக இதயத்தை மெதுவாக்கிவிடும். கண்ணில் இழுத்தால் நெஞ்சில் துடிப்பு குறைகிறது! மாறுகண் அறுவை சிகிச்சையில் மயக்க மருத்துவர் இதயத் துடிப்பின் மேலேயே கண்ணாக இருப்பது இதற்காகத்தான். பிள்ளை வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். தலையில் அடிபட்டதாக எண்ணி எல்லாரும் தலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், கண்ணில் மாட்டிய தசை ரத்த ஓட்டமில்லாமல் வாடும். தெருவில் பந்து பட்ட பிள்ளைக்கும் இது நடக்கும்.

ஆகவே, அம்மா, உங்கள் மகனிடம் டுபுவாவைப் பற்றி விவாதிக்க வேண்டாம். தாடையை ஒட்டிக் கடிகாரத்தைப் பார்க்கும் பயிற்சியை மட்டும் செய்யச் சொல்லுங்கள். பயிற்சியில் கண்ணில் அடிபட்ட பிறகு ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, கன்னமும் மேல் உதடும் மேல் முன்பற்களும் ஒரு பக்கமாக மரத்துப்போனாலோ உடனே கையை இறக்கிவிட்டுக் கோச்சிடம் போகச் சொல்லுங்கள். மரத்துப்போவதை வலியில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கன்னத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு அந்தத் தரை வழியாகத்தான் ஓடுகிறது. மூக்கைச் சிந்தாமல், கண்ணை அழுத்தாமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.