மின்தூக்கி வாசலில் வந்த பதில்

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலைகளுக்கு ஆள் எடுக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற வாரம் சோதனைப் பொறியாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு வந்த ஓர் இளம்பெண்ணிடம், "இரவு ஷிப்டில் பழுதான சில்லுகளின் எண்ணிக்கை திடீரென இருமடங்கானால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டோம். கேள்வி முடிவதற்குள் பேசத் தொடங்கியவர், நாங்கள் கொடுத்த தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமல் அதன் மூடியை மட்டும் வருடிக்கொண்டே, தமது இறுதியாண்டுத் திட்டப்பணியை ஒப்பித்து முடித்தார். மின்தூக்கிவரை வழியனுப்பச் சென்றபோது மெல்லச் சொன்னார்: "நல்லது என்று முன்பே தெரிந்த ஒரு சில்லைப் போட்டுப் பார்த்திருப்பேன் சார். அதையும் பழுது என்று காட்டினால் கோளாறு சோதனை இயந்திரத்தில்தானே?" அதுதான் நாங்கள் எதிர்பார்த்த பதில். அதற்குள் மதிப்பீட்டுப் படிவங்களில் கையெழுத்தாகிவிட்டது. இந்த மாதத்தில் இப்படி நடப்பது மூன்றாவது முறை.

உடனே பதில் சொல்பவரே திறமைசாலி என்ற எண்ணத்தை யார் விதைத்தார்களோ! பள்ளிப் புதிர்ப்போட்டியில் மணியை முதலில் அடித்தவருக்குப் புள்ளி கிடைக்கும். நேர்முகத் தேர்வில் மணி ஏது? நான் நிரப்பும் படிவத்தில், சிக்கலை எப்படிப் பிரித்துப் பார்க்கிறார், தெரியாததைத் தெரியாது என்கிறாரா என்பவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. வேகத்துக்குக் கட்டம் கிடையாது. யோசிக்கும் ஐந்து விநாடி உங்களுக்கு ஐந்து நிமிடமாகத் தோன்றலாம். எதிரில் இருப்பவர்களோ அந்நேரத்தில் உங்களுடைய முந்தைய பதிலைக் குறித்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் குனிந்து எழுதுவதை அதிருப்தி என்று எண்ணி, சொன்ன நல்ல பதிலையே மாற்றிச் சொல்லிக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. (எங்களில் சிலருக்கு முகமே அப்படித்தான், மன்னித்துவிடுங்கள்.)

தமிழில் யோசித்து ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்பவருக்குக் கூடுதல் நேரம் பிடிப்பது இயல்பு என்பதால், கேள்வியை மறுபடி சொல்லும்படி கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆறே மாதத்தில் ஏன் வேலையை விட்டீர்கள் என்று குத்திக் கேட்டால், பழைய மேலாளரை வையாமல் காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். எப்போது திருமணம் என்று யாராவது கேட்டால், அதற்கும் இந்த வேலைக்கும் என்ன தொடர்பு என்று பணிவாகத் திருப்பிக் கேட்கலாம். அங்கே தவறு எங்கள் பக்கம்.

தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்திலிருந்து 9 மணித் தேர்வுக்கு 8 மணிக்கு மேல் புறப்பட்டு, 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலத்தின் நெரிசலில் சிக்கி, வியர்க்க ஓடிவந்து உட்கார்ந்தால் கை நடுங்காமல் என்ன செய்யும்? வெறும் வயிற்றில் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) வேண்டாம். காத்திருக்கும்போது, மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளட்டும். உள்ளே தண்ணீர் கொடுத்தால் தயவுசெய்து திறந்து குடியுங்கள். ஒரு மிடறு விழுங்க ஆகும் நேரத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.